சாயா சிந்திய நாள்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில், கல்யாணப் பட்டுப் பிரிவில் அப்போது வேலை பார்த்தேன். தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என்னோடு ஒரே மேசையில் நின்றவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். இந்த ஊர் வழக்கப்படி, அக்கா என்பதற்குச் சேச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் இருவரும் படகுத்துறைக்கு நடப்போம். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்காருவோம். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களைப் போல சேச்சி பேசிக் காட்டுவார். நாள் முழுக்க நின்ற காலுக்கும், சும்மா சிரித்தே வலித்த தாடைக்கும் அந்த அரை மணி நேரம்தான் மருந்து.

அன்று திருப்பூணித்துறையிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. கடை கொடுத்த சாயாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மணப்பெண்ணின் சித்தி இன்னொரு கையால் ஒரு பட்டுப் புடவையை இழுத்தார். கோப்பை புடவை மேலேயே கவிழ்ந்தது. என் கை தட்டித்தான் விழுந்தது என்று என்னைக் காட்டி மலையாளத்தில் கத்தினார்.

சூப்பர்வைசர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சேச்சியிடம்தான் கேட்டார். சேச்சி மடித்துக்கொண்டிருந்த புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இவ கை பட்ட மாதிரிதான் இருந்தது" என்றார்.

அத்தனை பேர் முன்னால் நான் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் போதவில்லை. நாளையிலிருந்து வாசலில் நிற்கச் சொன்னார் சூப்பர்வைசர். வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பி வணக்கம் சொல்லும் வேலை. உள்ளே ஆள் இல்லாத நேரத்தில் புடவைக் கட்டின் மேல் சாய்ந்தாவது நிற்கலாம். வாசலில் அதற்கும் வழியில்லை.

மாலையில் தனியாகவே துறைக்குப் போனேன். எப்போதும் உட்காரும் படியில் உட்கார்ந்தேன். பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் சிவந்திருந்தது. தண்ணீரில் மிதக்கும் பாயல் களை கொத்துக் கொத்தாக ஒதுங்கிக் கிடந்தது. அந்தச் சித்தியின் குரல் காதை விட்டுப் போகவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் சேச்சி வந்தார். இரண்டு காகிதக் கோப்பையில் சாயா வாங்கி வந்திருந்தார். ஒன்றை என் பக்கத்தில் வைத்தார்.

"நீ தட்டலை. நான் கண்டதாக்கும்" என்றார்.

"பின்னே ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் புடவையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் நரம்புகள் கறுத்துச் சுருண்டு கிடந்தன. "உன் கை படலைன்னா, பின்னே யாரு கை? பக்கத்துல நான்தானே நின்னேன். இந்தக் காலை வச்சுக்கிட்டு வாசல்ல நின்னா ரெண்டு நாள் தாங்காது மோளே. உனக்கு வயசிருக்கு."

"என் கால் மட்டும் இரும்பா சேச்சி?"

அவர் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டார். திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தபோது எனக்கே நிச்சயமில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கசந்தது. சாயாவைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் கணவர், "என்ன ஆச்சு?" என்று கேட்டார். போர்ட் கொச்சியில் ஒரு ஓட்டல் அடுப்படியில் நாள் முழுக்க வெந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கால் வலி என்றேன். வாளியில் வெந்நீரும் உப்பும் கலந்து கொண்டுவந்து வைத்தார். காலை உள்ளே விட்டதும் அழுகை வந்தது.

ஓணம் வரை வாசலிலேயே நின்றேன். சேச்சியும் நானும் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். ஓணம் கழிந்ததும் கால் ஆபரேஷன் என்று அவர் வேலையை விட்டார். கடையிலிருந்து நாலைந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.