சுனந்தாவின் மூன்றாவது சுற்று

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் மைதானத்தை மூன்றே முக்கால் முறை சுற்றி வர வேண்டும். முதல் இரண்டு சுற்றில் சுனந்தாவைப் பிடிக்க மாவட்டத்தில் ஆள் கிடையாது. மூன்றாவது சுற்றில் அவளைப் பிடிக்காத ஆள் கிடையாது.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிரிடுகிற ஒரு சமணக் குடும்பத்துப் பெண் அவள். பள்ளியில் ஆரம்பித்த ஓட்டம் கல்லூரி வரை வந்து, கல்யாணத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. அதற்குக் காரணம் அவள் கணவன் வீரேந்திரன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மருந்துக்கடையில் அவனுக்கு வேலை. காலையில் கடை திறப்பதற்கு முன் அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போவான். வேலி ஓரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெண்டாட்டியை ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறான் என்று உறவில் சிலர் சிரித்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது சுற்றின் முதல் வளைவில் அது வரும். தொடை இரண்டிலும் ஈர மணலை நிரப்பியதுபோல் கனக்கும். மூச்சு முட்டாது, நெஞ்சு அடைக்காது, கால் மட்டும் எழும்பாது. பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போவார்கள். கீழ்பென்னாத்தூர் கவியா எப்போதும் அந்த வளைவில்தான் தாண்டுவாள். தாண்டும்போது "சாரிக்கா" என்று வேறு சொல்வாள்.

வீரேந்திரன் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தான். ஓட்டம் முடிந்ததும் மற்றப் பெண்கள் தரையில் விழுந்து கிடப்பார்கள். சுனந்தா மட்டும் கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று, தோற்றதைப் பற்றி வாய் ஓயாமல் புலம்புவாள். தீர்ந்துபோன உடம்பு இப்படிப் பேசாது என்று அவனுக்குப் பட்டது. உடம்பில் மிச்சம் இருக்கும்போதே தலைக்குள் ஏதோ ஒன்று பிரேக் போடுகிறது. கடையிலும் அவன் தினமும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்! தலைவலி என்று வருகிறவர்கள் கல்லா ஓரத்திலேயே மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, அது தொண்டையைத் தாண்டுவதற்குள் "இப்ப பரவால்லப்பா" என்பார்கள்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் திருச்சியில் மாநிலப் போட்டி. அதற்கு முந்தைய வாரம் ஒரு காலையில், நீலமும் வெள்ளையுமான கேப்சூல் ஒன்றைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இன்னாங்க இது?"

"ஆசிரமத்தாண்ட ஒரு வெள்ளைக்காரர் தங்கியிருக்காரு. மாரத்தான் ஓடறவரு. நம்ம கடைக்கு வருவாரு. அவரு குடுத்தது. அவங்க ஊர்ல பெரிய பெரிய ஆளுங்கல்லாம் இததான் போடறாங்களாம். ஒண்ணு போட்டா மாசக்கணக்குல காலு கனக்கவே கனக்காதாம்."

அவள் கேப்சூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பிறந்த வீட்டில் கேப்சூலை அப்படியே விழுங்குகிற வழக்கமே கிடையாது. மேல்தோல் மாட்டெலும்பில் செய்தது என்று அம்மா அதைப் பிரித்து, மருந்தை மட்டும் வெந்நீரில் கலக்கித் தருவாள்.

"பிரிச்சு போட்டுக்கட்டுமா?"

"ஐயையோ, பிரிச்சா வேல செய்யாது. அப்படியே முழுங்கணும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் இன்னும் நன்றாக நம்புவாள் என்று நினைத்தான் போல. குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் மூச்சு வுடாத. மாநிலத்துல டெஸ்ட்டு கிஸ்ட்டு எதுவும் கெடையாது, பயப்படாத" என்றான்.

அவள் விழுங்கினாள். அன்று மைதானத்தில் மூன்றாவது சுற்றின் வளைவு வந்தது. மணல் வரவில்லை.

திருச்சியிலும் வரவில்லை. மணி அடித்துக் கடைசிச் சுற்று தொடங்கியபோது கவியாவின் காலடிச் சத்தம் பின்னால் தேய்ந்துகொண்டே போனது. முதலாவதாக முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் நேர்க்கோட்டுப் பகுதிக்கே அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். வீரேந்திரன் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. கழுத்தில் பதக்கத்தைப் போட்டபோது சுனந்தாவின் நினைவெல்லாம் நீலமும் வெள்ளையுமாக இருந்தது. ஊர் திரும்பிய மறுநாள் முழுக்க உபவாசம் இருந்தாள். எலும்பை விழுங்கிய பாவத்துக்கு என்று கணவனிடம் சொன்னாள். தடை செய்த மருந்தைப் போட்டு ஜெயித்த மற்றப் பாவத்தைச் சொல்லவில்லை.

தேசியப் போட்டிக்கான மாநில அணியில் அவள் பெயர் வந்தது. சென்னையில் நடந்த பயிற்சி முகாமில் ஒரு அதிகாரி எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். தேசியப் போட்டியில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சிறுநீர் எடுப்பார்கள், பல வாரம் முன்னால் சாப்பிட்டதுகூடச் சில சமயம் காட்டிக்கொடுக்கும், மாட்டினால் பேப்பரில் படத்தோடு வரும் என்றார். எதிரில் இருந்த பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுனந்தாவுக்குப் பேப்பரில் தன் படமும், அதை ஊரில் அப்பா கையில் வைத்துக்கொண்டு நிற்பதும் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் பயிற்சியின்போது வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மருத்துவர் அமுக்கிய இடமெல்லாம் வலிக்கிறது என்றாள். எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் ஓய்வு எடுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் இடத்தில் கவியா போனாள், மூன்றாவதாக வந்தாள். அடுத்த ஆண்டே விளையாட்டுக்கான ஒதுக்கீட்டில் கவியாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. வேலை உத்தரவு வந்ததும் ஸ்வீட் பாக்கெட்டோடு சுனந்தாவைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க முட்டி வலிதான் எனக்கு சோறு போடுது" என்று கண் கலங்கினாள்.

"உனுக்கு வரவேண்டியதுதான் வந்துச்சு" என்றாள் சுனந்தா. மனதாரத்தான் சொன்னாள். மருந்து போடாமல் ஓடியவள் இவள், பதக்கம் இவளுடையது, கணக்கு நேராகிவிட்டது என்று அன்று அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

அதன் பிறகு அவள் ஓடவில்லை. ஸ்வேதா பிறந்தாள். குழந்தைக்காக விட்டுவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்தால் நிற்க நேரமிருக்காது. மற்ற நாட்களில் விரிப்பு மாற்றுவதும் சாவி கொடுப்பதும்தான். வரவேற்பறையில் கிடக்கும் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் திருப்பமாட்டாள். ஊருக்குப் போகும்போது ஜினாலயத்தில் நெடுநேரம் கைகூப்பி நிற்பாள். இப்போதெல்லாம் சுனந்தாவுக்குப் பக்தி ஜாஸ்தியாகிவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

வீரேந்திரன் அவள் முட்டியை மறக்கவில்லை. கடையில் புதிதாக எந்த வலித் தைலம் வந்தாலும் ஒரு குப்பி வீட்டுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே உட்கார்ந்து தேய்த்துவிடுவான். அவளும் காலை நீட்டிக்கொண்டு, "இங்கதான், இன்னும் கொஞ்சம் கீழ" என்பாள். வலிக்காத முட்டி, எட்டு வருஷம்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அவளுடைய அண்ணன் ஜினதாசன் ஊரில் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். மதியம் கூடத்தில் பந்தி. சுனந்தா ரசவாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள். ஜினதாசன் இப்போதெல்லாம் நாலு எட்டு நடந்தாலே அசதியாக இருக்கிறது என்று யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டான். பக்கத்து இலையில் இருந்த வீரேந்திரன் பிடித்துக்கொண்டான்.

"அசதி ஒடம்புல இல்ல மச்சான், மூளையில. உங்க தங்கச்சியவே கேளுங்க. திருச்சில ஃபர்ஸ்ட் வந்தாளே, எப்படின்னு நெனச்சீங்க? வைட்டமின் கேப்சூல் ஒண்ண பிரிச்சு, உள்ள இருந்தத கொட்டிட்டு, வெறும் குளுக்கோஸ ரொப்பி குடுத்தேன். வெள்ளைக்காரன் மருந்துன்னேன். அவ்ளோதான், அம்மா பறந்துட்டாங்க!"

பந்தியே சிரித்தது. ஜினதாசனுக்குப் புரையேறியது. "அடப்பாவி மாப்ள! குளுக்கோஸா?" என்று தலையில் தட்டிக்கொண்டு சிரித்தான். இத்தனை வருஷம் கழித்து இனி சொன்னால் என்ன என்று நினைத்துத்தான் வீரேந்திரன் சொன்னான். அவள் திறமைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்றும் நினைத்தான். அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சுனந்தா அடுத்த இலைக்கு ரசம் ஊற்றினாள். அதற்கடுத்த இலைக்கும் ஊற்றினாள். வாளியைச் சமையல்கட்டில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டாள். யாரோ பாயசத்துக்குக் கூப்பிட்டார்கள். வந்து பாயசமும் ஊற்றினாள்.

குழந்தை அம்மாவோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு இருவரும் மொபெட்டில் திரும்பினார்கள். பாதி வழியில், "வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

புளியமரத்து ஓரமாக நிறுத்தினான்.

"நெஜமாவே குளுக்கோஸா?"

"ஆமா. கோச்சிக்கினியா? சொல்லணும்னு எத்தினியோ வாட்டி நெனச்சேன். நீதான் ஓட்டத்தையே வுட்டுட்டியே."

"அப்ப மாநிலத்துல டெஸ்ட்டு இல்லன்னு ஏன் சொன்னீங்க?"

"எப்ப?"

"அத குடுத்தீங்களே, அன்னிக்கி. டெஸ்ட்டு கெடையாது, பயப்படாதன்னு."

வீரேந்திரன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நடிக்கவில்லை. "அப்படியா சொன்னேன்? ஞாபகம் இல்லையே" என்றான்.

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் முட்டிக்கு ஒண்ணுமே இல்லங்க."

"எப்பலேருந்து? போன மாசம்கூட வலிக்குதுன்னியே."

"எப்பவுமே வலிச்சதில்ல."

அவனுக்கு அது விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மணல் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, சுனந்தா."

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நேஷனல்ஸுக்கு போறப்ப சொன்னா, அங்க போய் பழையபடி காலு கனத்துடுமோன்னு பயந்தேன். அதுக்காகத்தான்..."

"நானும் பயந்துகினுதான் இருந்தேன். எடுக்காத பொருளுக்கு, திருடி மாதிரி."

அவன் எழுந்து வண்டியின் ஸ்டாண்டை எடுத்தான். கடைசியில், ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று, "அப்ப அன்னிக்கி ஜெயிச்சது நீதானே? உன் காலுதானே? அதுக்காச்சும் சந்தோஷப்படேன்" என்றான்.

சுனந்தா அவனைப் பார்த்தாள். கவியாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. உனக்கு வரவேண்டியதுதான் வந்தது. இத்தனை நாள் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு நியாயம்தான். இப்போது அதுவும் இல்லை.

"வண்டிய எடுங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தைலக் குப்பியை எடுக்கவில்லை. அதன் பிறகும் எடுக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் புது ஷூ வாங்கிக்கொண்டு அவள் தனியாக மைதானத்துக்குப் போனாள். முதலில் நடை, பிறகு மெல்லோட்டம். யாரிடமும் சொல்லவில்லை. மூச்சு பழகிக்கொண்டது, இடுப்புச் சதை குறைந்தது. உடம்பு இவ்வளவு சீக்கிரம் திரும்பி வருமென்று அவள் நினைக்கவில்லை. மூன்று மாதம் போல ஆனதும், இன்று முழு ஓட்டம் ஓடிப் பார்ப்பது என்று கோட்டில் போய் நின்றாள். வேலிக்கு வெளியே ஒரு மொபெட் வந்து நின்றது. அவள் பார்க்காததுபோல் புறப்பட்டாள்.

இரண்டு சுற்று நன்றாகவே போனது. மூன்றாவது சுற்றின் வளைவை நெருங்கும்போது தன் கால்களுக்குத் தானே சொல்லிக்கொண்டாள்: அன்றைக்குக் குளுக்கோஸ்தான், வேறொன்றும் இல்லை, ஓடியது நீங்கள்தான். அதைச் சொல்லிமுடிப்பதற்குள் மணல் வந்துவிட்டது. அதே இடம், அதே தொடை. இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? கால் கேட்கவில்லை. முப்பத்தொரு வயசு இழுக்கிறதா, விட்டுப்போன வருஷங்கள் இழுக்கின்றனவா, தலைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிரேக்கா என்று பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. வளைவைத் தாண்டி நாலு அடி வைத்து நின்றுவிட்டாள்.

வீரேந்திரன் வேலிக்குள் வந்தான். கையில் பழைய கடிகாரம் கட்டியிருந்தான்.

"ரெண்டு சுத்து அருமையா போச்சு. முப்பது தாண்டினவங்களுக்கு வெடரன்ஸ் மீட்டு இருக்குது. இன்னும் கொஞ்ச நாள் வுடாம ஓடினா சரியாயிடும். நான் தெனமும் வர்றேன்."

"நீங்க வர வேணாம்."

"நெஜமாதான் சொல்றேன் சுனந்தா, உன்னால முடியும்."

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க எத சொன்னாலும் இப்ப எனுக்கு உள்ள இன்னா ரொப்பியிருக்குதுன்னுதான் தோணுது."

அவன் கடை திறக்கப் போனான்.

அன்று விடுதியில் ஆறு அறை காலியாகி ஆறு அறைக்கு ஆள் வர வேண்டியிருந்தது. சுனந்தா ஷூவோடே வேலைக்குப் போய்விட்டாள். மாடி பெருக்கும் உண்ணாமலை, காலில் ரப்பர் செருப்போடு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுசு போல இருக்குதே, எவ்வளவு என்று கேட்டாள். சுனந்தா அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, விருந்தினர்களுக்கு வைத்திருந்த செருப்பு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். அளவு உண்ணாமலைக்குச் சரியாக இருந்தது. இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் மாடிப்படி ஏறி இறங்குகிறாள். இதைப் போட்டதிலிருந்து கால்வலியே தெரிவதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சுனந்தா அதைக் கேட்டுக்கொண்டே விரிப்பை உதறி மடிக்கிறாள்.