அக்காவின் மறுமதிப்பீடு

எங்கள் நகரசபையில் எதிர்க்கட்சி வரிசையில் ஒன்பது பேர் இருக்கிறோம். அதில் கத்துகிறவள் நான். இது டென்மார்க்கில், யூலாந்துப் பக்கம் ஒரு சின்ன ஊர், பேர் வேண்டாம். தேர்தலில் நிற்பதற்கு முன் பதினெட்டு வருடம் வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, காலுக்கு இறுக்கமான சொக்ஸ் போட்டுவிட்டு, மருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த வேலையும் எனக்கு மூக்குக்கு மேல் நிற்கும் கோபமும்தான் என்னைச் சபைக்குக் கொண்டுபோயின என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். உண்மைதான்.

போன வருடம் ஆளும் பக்கம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. வீட்டு உதவி பெறும் எல்லோரையும் திரும்பப் பார்த்து, யாருக்கு எவ்வளவு தேவை என்று புதிதாகத் தீர்மானிப்பார்களாம். மறுமதிப்பீடு என்று அதற்கு ஒரு அழகான பேர். நான் எழும்பி, "இது மதிப்பீடு இல்லை, வெட்டு. வெட்டு என்றே சொல்லுங்கள்" என்றேன். முதியோர் குழுத் தலைவர் நல்ல மனிதர், சத்தம் போடவே மாட்டார். "எங்கள் ஊழியர்கள் வீட்டுக்கு வீடு நேரில் போய் அந்த மனிதர்களிடமே கேட்பார்கள். அதைவிட நியாயமாக என்ன செய்யலாம்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். நான் எதிர்த்து வாக்களித்தேன், தீர்மானம் நிறைவேறியது.

இரண்டு மாதத்தில் மறுமதிப்பீட்டுக் கடிதம் என் சொந்த அக்காவுக்கு வந்தது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவ. கோழித் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றவ. அத்தான் செத்த பிறகு தனியாக ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தா. மகள் தூரத்து நகரமான ஓல்போர்க்கில் ஆஸ்பத்திரி வேலை, நினைத்தவுடன் ஓடிவர ஏலாது. அக்காவுக்கு ஒருமுறை பாரிசவாதம் வந்து இடது பக்கம் பலம் குறைந்துவிட்டது. காலையில் ஒரு பிள்ளை வந்து குளிக்க வைத்து, உடுப்பு மாற்றி, சொக்ஸ் போட்டுவிட்டுப் போகும். அந்த அரைமணி நேர உதவி இருந்ததால்தான் அக்கா தன் வீட்டில் தன்பாட்டில் இருந்தா. அது நின்றால் குளியலறையில் விழுவா. இது எனக்குத் தெரியும், நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் தமிழ் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். யாராவது "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ" என்று கேட்டால் நாங்கள் முதலில் "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்போம். பச்சைப் பொய். இரண்டாம் தரம் கேட்டாலும் வேண்டாம். மூன்றாம் தரம் பக்கத்தில் இருக்கிறவர், "சும்மா சொல்லுறா, காலமையில இருந்து ஒண்டும் குடிக்கேல்லை, குடுங்கோ" என்று சொல்லவேண்டும். பிறகு குடிக்கலாம். டென்மார்க்காரர் ஒருதரம்தான் கேட்பார்கள். இல்லை என்றால் கோப்பையை எடுத்து வைத்துவிடுவார்கள். வந்த புதிதில் அக்காவும் நானும் எத்தனை வீடுகளில் கேக்கைப் பார்த்துக்கொண்டே பசியோடு திரும்பி வந்திருக்கிறோம்! பஸ்ஸில் ஏறியவுடன் அக்கா, "எடியே, நான்தான் வேண்டாம் எண்டன், உனக்கு வாய் இல்லையே?" என்று என்னைப் பேசுவா. நானும் விடமாட்டேன், திருப்பிப் பேசுவேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

மதிப்பீட்டுக்கு ஆள் வருவதற்கு முதல்நாள் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு கிடந்த கோலத்தை அப்படியே விட்டிருக்கவேண்டும். குளியலறையில் நாலு நாள் உடுப்பு குவிந்திருந்தது, குசினியில் பாத்திரம் நிறைந்திருந்தது, சாப்பாட்டு மேசைக்குக் கீழே விழுந்த சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. வேலை செய்த காலத்தில் டெனிஷ் கிழவிகளிடம் நானே சொல்லியிருக்கிறேன், "அவர்கள் வரும்போது ஒன்றையும் ஒதுக்காதீர்கள், இருப்பதைப் பார்க்கட்டும்" என்று. அப்படிச் சொன்ன நான் அன்றைக்கு என்ன செய்தேன்? முட்டுக்காலில் நின்று நிலம் துடைத்தேன். ஜன்னல் கண்ணாடியும் துடைத்தேன். "வெள்ளைக்காரப் பிள்ளை வருது, சபையில இருக்கிறவளின்ர தமக்கை வீடு பண்டிக் கொட்டில் மாதிரிக் கிடக்கெண்டு சொல்லாதே?" என்று அக்கா கேட்டா. கண்டறியாத மானம்! எனக்கும் அது சரி என்றே பட்டது.

மறுநாள் விடிய நான் உழுந்து வடை சுட்டேன். அக்காவுக்கு ஊதாச் சேலை உடுத்திவிட்டேன். சொக்ஸ் போட்டு, தலை இழுத்து, பொட்டு வைத்துக் கதிரையில் இருத்தினேன். வந்தவ சின்னப் பிள்ளை, நல்ல பணிவு. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து மடியில் ஒரு சின்னக் கணினியை வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினா.

"கதிரையிலிருந்து நீங்களே எழும்புவீர்களா?"

அக்கா எழும்பிக் காட்டினா. ஐயோ, வலது கையால் மேசையைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு எழும்பினா. நெற்றியில் வேர்வை பொடித்ததை நான் கண்டேன். அந்தப் பிள்ளை கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"குளிப்பது?"

"நல்லாப் போகுது" என்று அக்கா தனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னா.

அந்தப் பிள்ளை நான் வைத்த வடையில் ஒன்றைக் கடித்துவிட்டு, "இது நல்ல ருசி. யார் செய்தது?" என்று கேட்டா.

"நான்தான்" என்றா அக்கா.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தா. நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன்.

ஏன் வாய் திறக்கவில்லை? நானும் என்னைக் கேட்காத நாளில்லை. சபை உறுப்பினர் தன் தமக்கைக்காகச் செல்வாக்குக் காட்டினாள் என்று நாளைக்குப் பத்திரிகையில் வந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. ஒரு பிறத்தியாளுக்கு முன்னால் அக்காவைப் பொய்க்காரி ஆக்குவதா என்ற வெட்கம் மற்றது. சபையில் மைக்கைப் பிடுங்கினாலும் நிறுத்தாத வாய், அக்காவின் வரவேற்பறையில் அடைத்துப்போய்க் கிடந்தது.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. காலை உதவி நிறுத்தம். இரண்டு கிழமைக்கு ஒருதரம் வீடு கூட்டித் துடைக்க மட்டும் ஆள் வருமாம். மேன்முறையீடு செய்வோம் என்றேன்.

"என்னெண்டு எழுதப்போறாய்? நான் பொய் சொன்னனான் எண்டோ?" என்றா அக்கா. "விடு, நீ வாறாய்தானே."

நானும் விட்டேன். ஒரு ஆளுக்காக எழுதுவதைவிடச் சபையில் எல்லோருக்காகவும் கேட்டு அந்தத் தீர்மானத்தையே திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். மெத்தப் பெரிய நினைப்பு. காலையில் முடிந்த நாட்களில் அக்காவிடம் போய்க் குளிக்க வைத்தேன். முடியாத நாட்களில் போகவில்லை. மற்ற நேரமெல்லாம் பேச்சு எழுதினேன்.

தீர்மானத்தைத் திருப்பச் சொல்லி நாங்கள் பிரேரணை கொண்டுவந்த கூட்டத்தில் நன்றாகத்தான் பேசினேன். பார்வையாளர் வரிசையில் கைகூடத் தட்டினார்கள். பிறகு குழுத் தலைவர் எழும்பினார். "உறுப்பினரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் எங்கள் ஊழியர்கள் வேறு கதை சொல்கிறார்கள். நாம் நினைப்பதைவிட நம் முதியவர்கள் பலசாலிகள். ஒரு வீட்டில், படுக்கையோடு கிடப்பார் என்று ஊழியர் நினைத்த ஒரு அம்மா, தானே எண்ணெயில் பொரித்த பலகாரம் கொடுத்து உபசரித்திருக்கிறார்" என்றார்.

சபை சிரித்தது. கேலியாக இல்லை, அன்பாகத்தான் சிரித்தார்கள்.

மைக் இன்னும் எனக்கு முன்னால்தான் இருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அதைச் சுட்டவள் நான்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். நான் மைக்கை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். எங்கள் பிரேரணை தோற்றது.

அடுத்த கிழமை நான் போகாத ஒரு காலையில் அக்கா தானே குளிக்கப் போய் வழுக்கி விழுந்தா. மத்தியானம் நான் திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தபோது குளியலறைத் தரையில் ஈரச் சீலையோடு கிடந்தா. இடுப்பு முறிந்திருந்தது. "கத்தியிருக்கலாமே அக்கா, பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்குமே" என்று அழுதேன். "அவையளுக்கு ஏன் கரைச்சல்" என்றா.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. தாதி வந்து குனிந்து, நோவு எப்படி என்று கேட்டா. அக்கா கண்ணைத் திறக்காமலே, "நல்லாப் போகுது" என்றா. தாதி தலையாட்டிவிட்டுத் திரும்பினா.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "பொய்!" என்று டெனிஷில் கத்தினேன். "பொய் சொல்கிறா! நோகுது! இரவு முழுக்க நித்திரை இல்லை! மருந்து கொடுங்கள்!" அறையே திரும்பிப் பார்த்தது. தாதி பயந்துபோய் ஓடிப்போய் ஊசி கொண்டுவந்து போட்டா.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் முகம் இளகியது. என் கையைத் தேடிப் பிடித்தா.

"இப்ப கத்திறாய்" என்றா. "அண்டைக்கு அந்தப் பிள்ளை வந்து கேக்கேக்க ஏனடி பேசாமல் இருந்தனி? நான் சும்மா ஒரு சொல்லுக்குத்தானே நல்லாப் போகுது எண்டனான். நீ பக்கத்தில இருக்கிறாய், 'இல்லை, இவவுக்கு ஏலாது' எண்டு நீ சொல்லுவாய் எண்டெல்லோ பாத்துக்கொண்டு இருந்தனான்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் பேசின மாதிரித்தான் சொன்னா. ஆனால் இந்தமுறை இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் அக்கா போய்விட்டா.

இப்போது எங்கள் ஆட்களின் வீட்டுக்கு மதிப்பீட்டுக்கு ஆள் வரும்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். ஹோர்சன்ஸ் நகரம் வரைக்கும் கார் ஓட்டிப் போயிருக்கிறேன். பத்திரிகையில் என்ன வந்தாலும் வரட்டும். வீட்டுக்காரர் நல்ல சேலை உடுத்து, பலகாரம் வைத்து, எல்லாம் நல்லம் என்று சிரிப்பார்கள். நான் பக்கத்தில் இருந்துகொண்டு, "இல்லை, இவவுக்கு ஏலாது" என்று சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். அக்கா வீட்டில் சொல்லவில்லை.