ஏழு பிராகார டெஸ்க்டாப்

“தம்பி, திரையைச் சுருக்கி வச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு ஐயங்காரு. எழுத்தெல்லாம் கடுகு மாதிரி ஓடுது. வந்துட்டுப் போங்க.”

பிலோமினா அக்காவின் போன் வரும்போதெல்லாம் நான் காவிரிப் பாலத்தில்தான் இருப்பேன். வண்டியை ஓரங்கட்டிப் பேசிவிட்டு, ஆற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புவேன். தண்ணீர் ஓடினாலும் சரி, மணல் ஓடினாலும் சரி, காவிரி ஒருபோதும் செட்டிங்கை மாற்றச் சொன்னதில்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அங்குள்ள கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கவுன்ட்டரில் ஒரே மெஷின், இரண்டு பேர். காலையில் பாலக்கரையிலிருந்து வரும் பிலோமினா அக்கா. மதியத்துக்கு மேல் உத்திர வீதி ரங்கராஜன். கோயில் கைங்கரியம் முடித்து, நெற்றியில் திருமண் பளிச்சென்றிருக்க வந்து உட்காருவார்.

அக்காவுக்கு ரெசல்யூஷன் 1024-க்கு 768. எழுத்து பெரிதாகத் தெரியும். ரங்கராஜனுக்கு 1920-க்கு 1080; பில்லின் எல்லாக் கட்டமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இவர் மாற்ற, அவர் மாற்ற, ஒவ்வொரு முறையும் டெஸ்க்டாப் ஐகான்கள் கலைந்துபோகும். ரங்கராஜனோ அவற்றைக் கோயில் போல அடுக்கி வைத்திருந்தார். நடுவில் பில்லிங் சாஃப்ட்வேர், மூலஸ்தானம். சுற்றிலும் ஏழு பிராகாரம். ஐகான் போதாமல் காலி ஃபோல்டர்களைப் போட்டு மதில் எழுப்பியிருந்தார். ரீசைக்கிள் பின் மட்டும் ராஜகோபுரத்துக்கு வெளியே.

“நடுவுல இருந்ததை மூலையில தள்ளிட்டேளே, பிலோமினாம்மா?”

“வீதி உலா போயிருக்காரு. வந்துருவாரு, உக்காருங்க.”

வரிசையில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

அன்று உப்பிலியபுரத்திலிருந்து ஒருவர் வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் வந்திருந்தார். கேட்டது லிப்பிட் டெஸ்ட், ரத்தக் கொழுப்புக்கு. திரை ரங்கராஜனின் அளவிலேயே இருந்தது. கூட்டத்தில் மாற்ற அக்காவுக்கு நேரமில்லை. பட்டியலில் பக்கத்து வரி லிவர். விரல் அதில் விழுந்துவிட்டது. அவர் சாப்பிட்டு ஊர் போய்ச் சேர்ந்து, எடுத்த ரத்தமும் தீர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மனிதர் இன்னொரு நாள் பட்டினியோடு வர வேண்டியதாயிற்று.

மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். “ரெசல்யூஷனை ரங்கராஜன் அளவுலயே லாக் பண்ணிடுங்க. அந்தம்மா பின்னாடி போய் டியூப்ல லேபிள் ஒட்டட்டும்.”

“லேபிள் எழுத்து இதைவிடப் பொடி சார்.”

அவர் சிரிக்கவில்லை. “அப்ப ஒண்ணு பண்ணுங்க. அடுத்த திங்கட்கிழமைக் கூட்டம் சேர்றதுக்குள்ள சரி பண்ணுங்க. இன்னொரு தப்பு வந்தா அவங்க சீட்டுல வேற ஆளு.”

வெளியே வந்தேன். அக்காவுக்குக் கேட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்ததையே திரும்பத் திரும்ப. அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த ரங்கராஜன் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் ஐகானுக்குத்தான் சண்டை போட்டேன். சீட்டுக்கு இல்லை.”

இங்கே ஒரு தொழில் விவரம். ரெசல்யூஷன் மெஷினுக்குப் பொது. எந்த லாகினில் மாற்றினாலும் எல்லோருக்கும் மாறும். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேல் அப்படியில்லை, அவரவர் லாகினோடு நிற்கும். ஆகவே ரெசல்யூஷனைத் தொடாமல், ஆளுக்கொரு லாகின் கொடுத்து, அக்காவுக்கு மட்டும் ஸ்கேலைக் கூட்டினால் முடிந்தது. நூற்றைம்பது சதவீதம் வைத்தேன். ‘சேவ்’ பட்டன் திரைக்குக் கீழே முங்கிவிட்டது. டாஸ்க்பாரை மறைத்ததும் மூச்சு வாங்கி மேலே வந்தது.

மெஷின் ஒப்புக்கொண்டது, வழக்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த கவுன்ட்டரில் யாரும் லாகவுட் செய்து பழக்கமில்லை. டோக்கன் ஓடும்போது ஒருவர் எழ, மற்றவர் பாதி பில்லில் உட்காருவார். நாற்காலிச் சூடு ஆறாது. தனித்தனி லாகின் என்றால் பாதி பில்லைக் கைமாற்ற முடியாது.

“முழுசா முடிச்சுட்டு எழுந்திருங்கோ,” என்றார் ரங்கராஜன். “நான் நிக்கறேன்.”

“நீங்களா? நிப்பீங்களா?”

“பெருமாள் சேவைக்கு நிக்கறதில்லையா? வரிசை எனக்குப் புதுசா?”

திங்கட்கிழமை மேனேஜர் கவுன்ட்டருக்குப் பின்னால் கை கட்டி நின்றார். ஜீயபுரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் லிப்பிட் கேட்டார். அக்கா திரையில் விரல் வைத்து, சபைக்கே வாசிப்பதுபோல் சொன்னார்: “லிப்பிட். லிவர் இல்ல, லிப்பிட். சரிதானங்க ஐயா?” இப்படியே கடைசி டோக்கன் வரைக்கும் போனது. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “லேபிளுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்.” உள்ளே போய்விட்டார்.

ரங்கராஜன் அதற்குள் வந்து, சொன்னபடி, சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா பில்லிங்கைச் சுருக்கியபோதுதான் அக்காவுடைய டெஸ்க்டாப்பைப் பார்த்தேன். ஐகான்கள் இரு பக்கமும் பெஞ்சு போட்டதுபோல் நேராக, நடுவில் வழி விட்டு, உச்சியில் ஒன்று மட்டும் தனியாக. அசல் மாதா கோயில், பாலக்கரைக் கணக்கில்.

“நீங்க அடுக்கினதாக்கா?”

“எனக்கெங்க நேரம்? எல்லாம் இவரு வேலை.” சுவரோரம் கை காட்டினார். “நல்ல மனசுதான். ஆனா பீடத்துல எதை வச்சிருக்காருன்னு பாருங்க.”

பார்த்தேன். ரீசைக்கிள் பின்.

“உங்க கோயில்ல எது மூலஸ்தானம்னு என்னை மாதிரி வெளி மனுஷாளுக்கு எப்படித் தெரியும்?” என்றார் ரங்கராஜன்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு மெஷினை இரண்டு பேர் பிய்த்துக்கொண்டால், எது பொது, எது அவரவருக்கு என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பாதிச் சண்டை செட்டிங்கில் தீரும். மீதியை, சுவரோரம் நிற்கச் சம்மதிக்கும் ஒருவர் தீர்த்துவைப்பார்.

பீடத்தில் இருந்ததை அக்கா கடைசிவரை மாற்றவில்லை. “இருக்கட்டும் தம்பி,” என்றார். “பெருசா, நல்லாத் தெரியுது.”