வீரக்காப்புக்கு நாடி பார்த்தவள்

படைமுகாமின் பின்பக்கத்தில், சலவை அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் ஒரு நீள அறை. சன்னல் ஒன்று, மேசை ஒன்று, சாய்ந்து உட்கார முடியாத முக்காலி ஒன்று, சுவரோரம் ஒரு பெஞ்சு. அங்கே பத்தொன்பது வருடம் உட்கார்ந்து, சண்டைக்குப் போன ஒவ்வொருவர் கையையும் ஒரு முழு நிமிடம் பிடித்துப் பார்த்து அனுப்பியவளை முகாம் முழுக்க நிதானக்கா என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை பக்கத்துக் கிடங்கில் தீப்பிடித்து எல்லோரும் வாளியும் கையுமாக ஓடியபோது, இவள் கையிலிருந்த ஊசியைப் பஞ்சில் குத்தி, நூலை அறுத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்த பிறகுதான் எழுந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் தீ பொறுமை இழந்து தானாகவே அணைந்துவிட்டதாம். பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

வீரக்காப்பைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டும் பட்டை அது. வெளியே தோல், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த துணி, நடுவில் மூன்று சின்னக் குப்பிகள். முதல் குப்பி களைப்பை விரட்டும். இரண்டாவது தசைக்குள் இறங்கி ஓர் ஆளை நாலு ஆளாக்கும். மூன்றாவது, வந்த வலியை ‘அப்புறம் வா’ என்று வாசலிலேயே நிறுத்தி வைக்கும். கட்டியிருப்பவரின் இதயம் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டித் துடித்தால் கொசு கடித்தாற்போல் ஊசி இறங்கி மருந்து ஓடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒருவருக்கு எத்தனை துடிப்பு என்று பார்த்து, அதன் இருமடங்கைக் காப்பின் ஓரத்தில் உள்ள திருகில் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த எண் தப்பினால் கூத்துதான். ஒரு சிப்பாய்க்கு அறுபத்து மூன்றை முப்பத்தாறு என்று திருப்பி எழுதிவிட்டார்கள். அவர் தன் மேலதிகாரி அறைக் கதவை மரியாதையாகத் தட்டினார், கதவும் அவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். இன்னொருவருக்கு எண் மிக அதிகம். குண்டு விழுந்த இடத்தில் ஒரு சொட்டு மருந்துகூட இறங்கவில்லை, தப்பிப் பிழைத்துக் காப்பும் கையுமாக ஊருக்குப் போனார். மாமியார் ஒரு மாதம் தங்க வந்திருக்கிறார் என்று மனைவி சொன்ன நிமிடம் மூன்று குப்பியும் ஒன்றாக இறங்கி, மாமியாரைக் கட்டிலோடு தூக்கி மொட்டை மாடியில் வைத்துவிட்டார். அந்த அம்மாள் காற்று நன்றாக வருகிறது என்று மூன்று மாதம் தங்கினார் என்பது தனிக் கதை.

ஆரம்பத்தில் நாடி பார்த்தவர் முகாம் டாக்டர். நிதானக்கா அப்போது காப்புக்கு உள்துணி தைக்கும் தையல்காரி மட்டும்தான். பெரிய கூடத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, தளபதி மீசையை முறுக்கியபடி மேலும் கீழும் நடக்க, டாக்டர் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து எண்ணுவார். தளபதி எதிரே நிற்கும்போது எந்த இதயம் சும்மா இருக்கும்? எல்லாருக்கும் எண் எகிறியது. சண்டையில் பாதிப் பேருக்கு மருந்தே இறங்கவில்லை. காப்பில்தான் கோளாறு என்று மூன்று பொறியாளர்கள் வந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து, பூட்டத் தெரியாமல் போனார்கள்.

காப்பில் கோளாறு இல்லை என்று கண்டுபிடித்தவள் தையல்காரி. பட்டை உறுத்துகிறது என்று வருகிற சிப்பாய்களை அவள் முக்காலியில் உட்காரவைப்பாள். சும்மா இருந்தால் கை எதையாவது நோண்டும் என்று ஒரு தகர டப்பாவை மடியில் வைப்பாள். டப்பா நிறையச் சீருடைப் பொத்தான்கள். இரண்டு துளை ஒருபக்கம், நாலு துளை ஒருபக்கம் பிரிக்கச் சொல்லிவிட்டுத் தைக்க ஆரம்பிப்பாள். பத்து நிமிடம் கழித்துப் பட்டையைக் கட்டிப் பார்க்கும்போது அவள் விரலுக்கடியில் நாடி ஓடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து விளையாட்டாக எண்ணினாள். டாக்டர் எண் எழுதிக் கொடுத்த அட்டையில் தொண்ணூறு என்றிருந்தவனுக்கு அறுபத்திரண்டுதான் ஓடியது. நாற்பது பேருக்கு எண்ணிப் பார்த்த பிறகு டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

டாக்டர் சிரித்தார். “நீங்க நாடி பாக்க வந்துட்டா, நான் பொத்தான் தைக்கப் போகவாம்மா?”

“தாராளமா வாங்க. நூல் கோக்கத் தெரியுமா?” என்றாள் அவள்.

டாக்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. முக்காலியில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வாங்கிக்கொண்டார். உட்காரும்போது எண்பத்தெட்டு, எழுந்திருக்கும்போது அறுபத்தாறு. அன்றைக்கே தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் எச்சரித்தார். “ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த ரெண்டாலதான் பாக்கணும். கட்டைவிரலை மட்டும் வச்சுடாதீங்க. அதுக்குள்ளயே ஒரு துடிப்பு ஓடும். அடுத்தவங்க நாடின்னு நினைச்சு உங்க நாடியையே எண்ணிட்டு உக்காந்திருப்பீங்க.”

அன்று தொடங்கிய வேலை. ஒருவருக்கு ஒரு முழு நிமிடம், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற வேலை அவளிடம் கிடையாது. இடையில் எண்ணிக்கை விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து. இருநூறு காப்பு இரண்டு நாளில் முடிய வேண்டும் என்று தளபதி ஒருமுறை நேரிலேயே வந்து குதித்தார். அவள் முக்காலியைக் காட்டி உட்காருங்க ஐயா என்றாள். அரைமணி நேரம் கழித்து அவரைத் தேடி உதவியாளர் வந்தபோது, படைக்கே தலைவர் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒரு பொத்தானுக்கு மட்டும் மூன்று துளை எப்படி வந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். பேருந்து ஓட்டும் அவள் கணவர் நாள் முழுக்க நெரிசலில் திட்டு வாங்கிவிட்டுச் சிடுசிடுவென்று நுழைந்தால், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒரு கிண்ணம் பொத்தான் வரும். அவர்களுக்கு ஒரே மகள். நடக்கக் கற்பதற்கு முன்பே பொத்தான் பிரிக்கக் கற்ற பெண் அவள். இதில் மிகை கொஞ்சம் இருக்கலாம், பெரிதாக இல்லை.

அந்த மகள் வளர்ந்து ஒருநாள், மலைப்படையில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றாள். நிதானக்கா ஆறு நாள் அவளோடு பேசவில்லை. ஏழாம் நாள் மகளுடைய சீருடையை எடுத்து, தோள் பிடிக்கிறதே என்று தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாள். சம்மதத்தை அப்படிச் சொல்லத்தான் அவளுக்குத் தெரியும்.

ஒரு வருடம் பயிற்சியிலேயே போனது. பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. மலைமேல் காவல் சாவடியில் எதிரியின் குண்டு விழுந்து, முப்பது பேர் காயத்தோடு மாட்டிக்கொண்டார்கள். இரண்டு நாளில் பனி பாதையை மூடிவிடும். மலைப்படை போய் அவர்களைச் சுமந்து இறக்க வேண்டும், மேலேயிருந்து எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே. மறுநாள் நண்பகலில் வண்டிகள் கிளம்பும், அதற்குள் எழுபத்திரண்டு காப்புக்கு எண் வைத்தாக வேண்டும். சும்மா இருக்கும்போதே தொண்ணூறுக்கு மேல் துடிப்பவர்களுக்குக் காப்பும் கிடையாது, பயணமும் கிடையாது. அந்த மருந்தை அவர்கள் இதயம் தாங்காது என்பது முகாம் விதி.

எழுபத்தொரு பேர் முடிந்து கடைசியாக மகள் வந்தாள். பயிற்சியில் கை பருத்திருந்தது, பட்டை எட்டவில்லை. பிரித்து ஒரு துண்டு சேர்த்துத் தைக்கும்போது, தையல் இயந்திரத்தின் ஊசி நிதானக்காவின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒருசேரக் குத்தியது. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட நடக்காதது. இரண்டு விரலையும் சேர்த்துத் துணியால் சுற்றிக்கொண்டு தையலை முடித்தாள். மகள் முக்காலியில் உட்கார்ந்து டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டாள். பத்து நிமிடம் ஆனது. அம்மா அவள் கையைப் பிடித்தாள். எண்ணினாள்.

தொண்ணூற்றாறு.

மறுபடி எண்ணினாள். தொண்ணூற்றெட்டு. மூன்றாம் தடவை மீண்டும் தொண்ணூற்றாறு. அட்டையில் எழுதினாள். எழுதும்போதே அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பெண் போக வேண்டியதில்லை. பொய் சொல்லவில்லை, கெஞ்சவில்லை, யார் காலிலும் விழவில்லை. எண் சொல்கிறது, விதி சொல்கிறது.

மகள் அட்டையை எட்டிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. ஆனால் வாதாடவில்லை. “நீ எண்ணினா தப்பா இருக்காதும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, முதுகுப்பையின் வாரைக் கழற்ற ஆரம்பித்தாள்.

கழற்றுகிற அந்தக் கையைப் பார்த்தபடியே நிதானக்கா தன் கையையும் பார்த்தாள். துணி சுற்றிய இரண்டு விரலும் மடங்க மாட்டாமல் சோளக்கொல்லைப் பொம்மைக் கைபோல் நீட்டிக்கொண்டிருந்தன. அப்படியானால் இவ்வளவு நேரம் மகளின் மணிக்கட்டில் இருந்தது எந்த விரல்?

அறையில் வேறு யாரும் இல்லை. வெளியே வண்டிகளைக் கிளப்பி உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். இன்னும் கால்மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், மகள் வீட்டில் இருப்பாள். உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பத்தொன்பது வருடமாக அவள் எண்ணிக்கையை யாரும் சரிபார்த்ததில்லை, சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. முகாம் வாசலில் நின்று அழுத எத்தனையோ பெற்றவர்களிடம், எண்ணைச் சரியாக வைத்திருக்கிறேன், தைரியமாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பியவள் அவள்.

வார் கழன்று பை தரையில் இறங்கிய சத்தம் கேட்டது.

நிதானக்கா பல்லால் முடிச்சை அவிழ்த்து, விரலில் சுற்றிய துணியை உருவிப்போட்டாள். “கையைக் குடு” என்றாள். ரத்தம் கசியும் இரண்டு விரலை மகளின் மணிக்கட்டில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணினாள். வாழ்நாளிலேயே அவளுக்கு மிக நீளமான நிமிடம் அதுதான். ஐம்பத்து நாலு. மலை உச்சியில் கட்டிய மணிபோல் அத்தனை நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது அந்த இதயம். முதல் எண்ணை அடித்துவிட்டு ஐம்பத்து நாலு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். திருகை நூற்றெட்டில் வைத்தாள்.

அடித்துவிட்ட எண்ணையே மகள் பார்த்தாள். “அப்ப அந்தத் தொண்ணூத்தாறு?”

“அது என்னோடது.”

மகள் அம்மாவின் கட்டைவிரலைப் பார்த்தாள், புரிந்தது. பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். “தொண்ணூறுக்கு மேலம்மா. விதிப்படி நீதான் வீட்ல இருக்கணும்.”

நிதானக்கா சிரித்தாளா அழுதாளா என்று பார்க்க அங்கே ஆள் இல்லை.

மலையில் நடந்ததைச் சொல்கிறவர்கள் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். பனிச்சரிவின் அடியில் மகளுடைய காப்பு சரியாக வேலை செய்தது, இது உறுதி. முதல் குப்பியில் மூச்சிரைப்பு நின்றது, இரண்டாவதில் தோளுக்கு ஒருவராக இரண்டு பேரைத் தூக்கினாள், மூன்றாவதில் தன் இடதுகையில் குண்டு உரசியதே தெரியாமல் மீண்டும் மேலே ஏறினாள். அவள் மட்டும் ஒன்பது பேரை இறக்கினாள் என்று படைப் பதிவேட்டில் இருக்கிறது. பதினெட்டு என்கிறார் சலவைக்காரர். ஒன்பது பேரையும் ஒரே தடவையில், அவர்கள் படுத்திருந்த கூடாரத்தோடு சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள் என்கிறார் அவளுடைய அப்பா. பேருந்தில் ஏறுகிறவர்கள் அதை நம்பியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் வண்டி நிற்காது.

மலைப்படை திரும்பாத அந்த நாலு நாளும் நிதானக்கா ஒரு மணி நேரம்கூட விடுப்பு எடுக்கவில்லை. விரல் வீங்கியிருந்தது. டாக்டர் கட்டுப்போட வந்தபோது, கட்டுப் போட்டால் எண்ண முடியாது என்று மறுத்துவிட்டாள். அட்டையில் அடித்திருந்த எண்ணைப் பற்றி அவர் கேட்டார், அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து நாலைந்து பொத்தானைப் பிரித்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை, சமையற்கூடத்திலிருந்து படைக்கு மாறிய பருத்த மனிதர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நிதானக்கா அவர் கையைப் பிடித்து நாற்பத்தொன்றுவரை எண்ணியிருந்தபோது வெளியே வண்டிகள் வந்து நின்றன. பூட்ஸ் சத்தம் நடைபாதையில் நெருங்கி வந்து வாசலில் நின்றது. இடதுகையில் கட்டு, பனியில் தோலுரிந்த முகம், ஆனால் இரண்டு காலிலும் நேராக நின்றாள் மகள்.

“அக்கா, வாசல்ல பாருங்க, உங்க பொண்ணு” என்றார் சமையல்காரர்.

“தெரியும். பேசாதீங்க, எண்ணிட்டிருக்கேன்.”

ஆனால் எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஐம்பத்தாறு, அறுபது என்று குத்துமதிப்பாக எதையாவது எழுதிவிட்டு எழுந்து ஓடியிருப்பார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விநாடி முள் மறுபடி பன்னிரண்டுக்கு வரும்வரை காத்திருந்து, ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

மகள் பையை ஓசைப்படாமல் இறக்கிவைத்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பொத்தான் டப்பாவை ஒற்றைக் கையால் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.