அஞ்சலாட்சி அக்கா மகாபலிபுரம் போன நாள்

இடது தோளைப் பசுவின் நாக்குக்கு எட்டும்படி சாய்த்து வைத்துக்கொண்டுதான் அஞ்சலாட்சி அக்கா பால் கறப்பாள். சொம்பு முழங்கால்களுக்கு நடுவில் இருக்கும், விரல்களில் விளக்கெண்ணெய் மினுங்கும். பசு கழுத்தைத் திருப்பி அந்தத் தோளை நக்கும். நக்க நக்கத்தான் மடியில் பால் இறங்கும். மாட்டு நாக்கு என்ன பட்டா? அரம்! அவளுடைய புடவை எதை எடுத்தாலும் தோள்பக்கம் மட்டும் நைந்து சல்லடையாக இருக்கும். கேட்டால், "நக்கட்டும் தம்பி. அதுக்கு வேற யாரு இருக்கா?" என்பாள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர்வீடு அவள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் காப்பி கொதிப்பது அவள் பாலில்தான். மாசி மாதம் அந்தப் பசுவின் கன்று செத்துப்போயிற்று. புருஷன் கொளஞ்சி மில் வேலைக்காரர். வழக்கப்படி கன்றின் தோலை உரித்து வைக்கோல் திணித்து, நான்கு குச்சிக் கால்களோடு கொண்டுவந்து நிறுத்தினார். மற்ற மாடுகள் இதற்கு ஏமாந்துவிடும். இந்த மகராசி ஒருமுறை முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள், பாலையும் அடக்கிக்கொண்டாள். மடி வீங்கிப்போய், அக்கா அதன் விலாவில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தபோதுதான் அந்த நாக்கு முதன்முதலாக அவள் தோளுக்கு வந்ததாம்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். அக்கா தோளைக் கொடுத்துக் கறந்தாள். அதோடு அவள் கால்களுக்குக் கட்டு விழுந்தது. தவளக்குப்பத்தில் இருக்கும் சொந்தத் தங்கை வீட்டு வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை. வேறு யார் கை வைத்தாலும் பால் வராது. ஒரே ஒரு வேளைப் பால் மடியிலேயே தங்கினாலும் மடி கல்லாகிவிடும், காம்பு செத்துவிடும். அப்புறம் அந்தப் பசு அடிமாட்டு வண்டிக்குத்தான். இந்தப் பயம் அவளுக்குத் தூக்கத்திலும் இருந்தது.

அந்தச் சித்திரையில் மில்லில் கொளஞ்சியோடு வேலை செய்பவர்கள் சேர்ந்து, குடும்பத்தோடு மகாபலிபுரம் போக வேன் பேசினார்கள். எங்களுக்கும் இடம் கிடைத்தது. அக்கா மாட்டேன் என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு ஊருக்குக் கூட்டிப்போனதில்லை என்று கொளஞ்சிக்கு ரோஷம். கடைசியில் ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். காலையில் அக்கா கறந்துவிட்டு வருவது. சாயங்காலம் கொளஞ்சியின் தங்கை சின்னப்பாப்பா, அக்காவின் துவைக்காத புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது. வாசனைக்கு மாடு ஏமாறும் என்று கணக்கு. வைக்கோல் கன்றுக்கே ஏமாறாத மாடு! யாரும் அதை நினைக்கவில்லை, நானும்தான்.

போன இடத்தில் அக்கா எதற்கும் மசியவில்லை. கடலைக் காட்டினால், நம்ம ஊரில் இல்லாத கடலா என்றாள். பூங்காவில் பிள்ளைகள் பாறையில் சறுக்கிக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். சரிவில் நிற்கும் அந்த உருண்டைப் பாறைக்கடியில் கொளஞ்சி கையைத் தூக்கி நின்றுகொண்டு, தான்தான் தாங்குவதாக வேடிக்கை காட்டினார். அக்கா சிரிக்கவில்லை. புல்தரையில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வெயில் எங்கே சாய்கிறது என்றே பார்த்தாள்.

பிறகு குன்றோரமாக இருக்கும் அந்தக் கல் மண்டபத்துக்குள் போனோம். உள்ளே சுவர் முழுக்க மாடும் மனிதர்களும். நடுவில் ஒருவன் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு தலையைத் தாழ்த்தித் தன் கன்றை நக்குகிறது. அவ்வளவுதான். அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் இடித்தும் நகரவில்லை. அந்த நாக்கையே பார்த்தாள், கண்ணிலிருந்து நீர் தாரையாக இறங்கியது. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அதுவரை நான் அங்கே பார்த்ததெல்லாம் கல், இதுதான் உயிர் என்று தோன்றியது.

"எத்தினி காலமா நக்குது தம்பி இது?" என்றாள்.

ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றேன்.

"ஆயிரம் வருசமா?" கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "கறக்கிறவன் வேற, கன்னு வேற. நான் ஒருத்தியே ரெண்டுமா நின்னுட்டு இருந்திருக்கேன் பாரு."

அதற்குமேல் அவளை அங்கே வைத்திருக்க முடியவில்லை. கடலில் குளித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் அவளே விரட்டி வேனில் ஏற்றினாள்.

வீடு வந்தபோது தெருவில் விளக்கு எரிந்தது. சின்னப்பாப்பா கொட்டகை வாசலில் காலி சொம்போடு உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் வழன்றிருந்தது. "மோந்து பாத்துட்டு ஒதச்சிடுச்சி அண்ணி" என்று விசும்பினாள். அக்கா ஓடிப்போய் மடியைத் தொட்டாள். மடி விம்மி, காய்ச்சல் கண்ட உடம்பாகச் சுட்டது. வலியில் பசு அவளையும் கிட்டே விடாமல் விலகி விலகிப் போயிற்று. தோளைக் கொண்டுபோய் வைத்தாள், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொளஞ்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். போச்சு, எல்லாம் இந்த வேனால் வந்தது என்று என் மனமும் அடித்துக்கொண்டது.

அக்கா எழுந்தாள். "நீ ஒக்காரு பாப்பா. நீ கற" என்றாள்.

"நானா அண்ணி?"

"ஒக்காருன்றேன்."

சின்னப்பாப்பா மடியருகே குந்தினாள். அக்கா முன்பக்கம் போனாள். நல்ல நாளுக்கென்று வைத்திருந்து அன்றைக்குக் கட்டியிருந்த சுங்கடிப் புடவையோடு, சாணியிலும் மூத்திரத்திலும் மண்டியிட்டாள். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். பசு அவள் தலையை முகர்ந்தது, புஸ்ஸென்று மூச்சு விட்டது, மறுபடி முகர்ந்தது. பிறகு அந்த நாக்கு வந்து அவள் பிடரியில் விழுந்தது.

சொம்பில் சர்ரென்று முதல் பீச்சு கேட்டபோது அக்கா நிமிரவில்லை. கொண்டையை அவிழ்த்து, கூந்தலை ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டு, கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.