சூட்டிக்கு ஆள் தேடிய நாள்

எங்கள் நாய் சூட்டி கடித்தது தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் காலை.

"இன்னொரு தடவை பாய்ஞ்சுச்சுன்னா சாக்குல கட்டி தம்புள்ளை மரக்கறி லொறியில ஏத்திருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேண்டாத நாய்களை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்படித்தான் அனுப்புவார்கள். போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

நாய் பழக்குகிறவர்கள் இரண்டு பேரை மாமா விசாரித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மாமாவும் முன்னால் நடக்க, சூட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

முதலில் மாத்தளை டவுனில் ஒரு அக்கா. இடுப்புப் பையில் வறுத்த கருவாட்டுத் துண்டுகள் வைத்திருந்தார். அவர் கூப்பிட்டதும் அவருடைய நாய் துள்ளி வந்து மாமாவின் சாரத்தில் சேற்றுக்காலை வைத்தது.

"அடிக்கவே மாட்டீங்களா?" என்றார் அப்பா.

"கடிக்கிற நாய் பயந்த நாய்ங்க. அத இன்னும் பயங்காட்டி என்ன செய்ய? சொன்னதைச் செஞ்சா ஒரு துண்டு குடுப்பேன், அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் மாமா சாரத்தை உதறினார். "நாய்க்கு விருந்து வைக்கவா மச்சான் வந்தோம்?"

அடுத்தவர் யட்டவத்தையில் இருந்தார். கையில் சங்கிலி. "ஒரே வாரம். கையத் தூக்குனாலே படுத்துரும்" என்று விசிலடித்தார். அவருடைய நாய் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்தது. நான் அசந்துபோனேன். சூட்டியும் இப்படி ஆகிவிட்டால் லொறிக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசினால், வீட்டுக் கூரையில் செருகியிருக்கும் பிரம்பு இறங்கிவிடும்.

"நாளைக்கே கொண்டாந்து விடுறோம்" என்றார் மாமா.

அப்பா கயிற்றை வாங்குவதற்காகக் கையை நீட்டி, "இங்க வாடா" என்றார். நான் எப்போதும் போலத் தோளைக் குறுக்கி, தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அந்த நாயைப் பார்த்தார். கயிற்றை வாங்கவே இல்லை.

"வேணாங்க. டவுன்ல இருக்குற அந்தப் புள்ளகிட்டயே விடுறோம்."

எனக்கு அழுகை முட்டியது. கருவாட்டை நம்பி சூட்டியைச் சாக்கில் போடப் பார்க்கிறாரே.

இரண்டு மாதம் கழித்துக் கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்தார். கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். சூட்டி ஒருமுறை உறுமியது. என் முகத்தைப் பார்த்தது. உட்கார்ந்துவிட்டது. நான் ஒரு துண்டு கொடுத்தேன். அவர் எங்களைக் கடந்து போனார்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. அந்த ஞாயிறு சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில், கூரையில் இருந்த பிரம்பு இரண்டாக முறிந்து அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் விறகு தீர்ந்துபோய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன்.