சிவகாசிக்குக் கொண்டுபோன ராட்டை

12 செப்டம்பர் 2024, வியாழக்கிழமை, பிற்பகல் 2 மணி 10 நிமிடம். மதுரை சந்திப்பில் வெயில் மண்டையைப் பிளந்தது. மேற்கே ஒரே ஒரு மேகம், அதுவும் மழைக்கு உதவாதது. வீட்டிலிருந்து ஆட்டோவுக்கு 120 ரூபாய் அழுதேன். விருதுநகருக்கு ரயில் டிக்கெட் 30. கையில் ஒரு துணிப்பை, மாத்திரை டப்பா, பெரிய அகராதி அளவுக்கு ஒரு மரப்பெட்டி.

அந்தப் பெட்டிதான் என் ராட்டை. திறந்தால் இரண்டு சக்கரமும் நூல் சுற்றும் ஒரு கதிரும், மூடினால் கைப்பெட்டி. மின்வாரியத்தில் முப்பத்தொரு ஆண்டு மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற மாதம், பொழுது போகாமல் நூற்கக் கற்றேன். இதயத்தில் குழாய் வைத்த பிறகு, வேகமாக நடக்காதே, உரக்கப் பேசாதே என்றார்கள். நூற்காதே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. என் மனைவி சரோஜா போன பிறகு காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. காப்பி போட ஆள் எழும் வீடுகளில் நான்குக்கும் ஆறுக்கும் இடையில் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது. நான் நூற்பேன்.

இப்போது வாடகை வீட்டை விற்கிறார்கள். அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும். சிவகாசியில் இருக்கும் மகள் கலா, "எங்ககூட வந்து இருங்கப்பா" என்று கூப்பிட்டாள். கூடவே, "ராட்டைய மட்டும் அங்கனயே யாருக்காவது குடுத்துருங்க" என்றாள். மாப்பிள்ளை செல்வம் வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். கீழே அச்சகம், மேலே வீடு. பஞ்சு பறந்தால் ஆகாதாம். இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன். ராட்டையைக் கொண்டுவருவதைச் சொல்லவில்லை.

3.05. விருதுநகர். 43 கிலோமீட்டர். நிலையத்துக்கு வெளியே மிளகாய் வற்றல் மூட்டைகள் ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனது. நான்கு முறை தும்மினேன். டீ, இரண்டு பருப்பு வடை, 25 ரூபாய். வடையில் எண்ணெய் அதிகம். ஆனாலும் இரண்டாவதையும் தின்றேன்.

4.15. சிவகாசி பஸ். டிக்கெட் 24. கண்டக்டர் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஐயா, உள்ள என்ன?"

"ராட்டை."

"ராட்டையா? புது அயிட்டமா? சீசன் வந்தா தினம் ஒரு பேரு வைக்காக. வெடியெல்லாம் பஸ்ல ஏத்தக்கூடாதுய்யா. எறங்குங்க."

"இது வெடி இல்லைய்யா, நூல் நூற்கிறது."

"எல்லாரும் வெடி இல்லன்னுதான் சொல்றாக. தொறங்க."

திறந்தேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. ஆமத்தூரில் ஏறிய பெண்கள் எனக்குப் பக்கத்தில் நின்றார்கள். பட்டாசுக் கம்பெனியில் வேலை முடித்து வருகிறவர்கள். கழுவியும் போகாத அலுமினியப் பொடி நகக்கண்களில் மின்னியது. அவர்களில் ஒருத்தி, "சுத்திக் காட்டுங்க தாத்தா, இவரு நம்ப மாட்டாரு" என்றாள்.

பஞ்சுப் பட்டையைக் கதிர் முனையில் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினேன். பஸ் குலுங்கியதில் மூன்று முறை அறுந்தது. நான்காவது முறை ஒரு முழம் வந்தது. 

"பாத்தீகளா, வெடிக்கல" என்றாள் அவள்.

கண்டக்டர் சிரிக்கவில்லை. "சரி, வெடி இல்ல. அப்ப லக்கேஜு" என்று பத்து ரூபாய்க்கு டிக்கெட் கிழித்தார். மடியில் வைத்திருக்கிற பெட்டிக்கு லக்கேஜா என்று கேட்டேன். "சுத்துறதுக்கு எடம் எடுத்துச்சுல்ல" என்றார்.

5.20. மகள் வீட்டு வாசல். பழக்கத்தில் முதலில் மீட்டரைத்தான் பார்த்தேன். நல்ல ஓட்டம். சீசன். பெட்டியைத் துண்டால் மூடி, காலையில் பக்குவமாகச் சொல்லலாம் என்றிருந்தேன். கலா என் சட்டையைப் பார்த்தாள். மார்பு முழுக்கப் பஞ்சு.

"ராட்டையக் கொண்டாந்துட்டீகளா!"

செல்வம் என்னைக் கீழே அச்சகத்துக்குக் கூட்டிப்போனார். அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து விளக்கில் பிடித்தார். ஆரஞ்சு வானத்தில் புஸ்வாணப் பூச்சட்டி எரிகிற படம். வானத்தின் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி.

"ஒரே ஒரு தூசி மாமா. அச்சு பிளேட்ல ஒக்காந்துருச்சுன்னா, நாம பாக்குற வரைக்கும் ஒவ்வொரு தாள்லயும் விழும். இந்த லோடு பூரா திரும்பி வந்துருச்சு."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாதாட இடமில்லை. 

13ஆம் தேதி, வெள்ளி. நான்கு மணிக்கு விழிப்பு. பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. ஆறு வரை மின்விசிறியின் சுற்றை எண்ண முயன்றேன், முடியவில்லை. எட்டு மணிக்கு இட்லி சாப்பிடும்போது, மதுரையிலேயே ஓர் அறை பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

கலா சட்னிக் கரண்டியை வைத்தாள். "ஒரு ராட்டைக்காக மக வீடு வேண்டாமாப்பா?"

"வேண்டாம்னு சொல்லலம்மா."

"பெறகென்ன சொல்றீக? மாத்திரை போட்டீகளான்னு அங்கன கேக்க யாரு இருக்கா? அந்த ரெண்டு மணி நேரம் சும்மா படுத்திருந்தாத்தான் என்ன?"

"படுத்துப் பாத்தாச்சு. படுத்தா உங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்த நாளெல்லாம் வரிசையா வருது. சுத்தினா வரல. அம்புட்டுதான்."

இதை இதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. கலா அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது. கழுவ அங்கே பாத்திரம் ஏதுமில்லை.

செல்வம் இட்லியைப் பிய்த்தபடியே இருந்தார். பிறகு, "மாமா, கட்டிங் ரூம் இருக்குல்ல?" என்றார்.

அச்சகத்துக்குப் பின்னால், முற்றம் தாண்டி, தகரக் கூரை போட்ட தனிக் கட்டடம். அச்சடித்த தாள்களை அளவுக்கு வெட்டுகிற இடம். வெட்டும்போது காகிதத் தூள் மாவு மாதிரி பறக்கும். அதனால்தான் அதைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். "அங்கன ஏற்கெனவே தூசிதான். உங்க பஞ்சு வந்து என்னத்தக் கெடுக்கப்போகுது? எட்டு மணிக்குத்தான் ஆள் வருவாக. அதுவரைக்கும் சுத்துங்க. ஒண்ணு மட்டும், வெளிய வரும்போது சட்டையத் தட்டிட்டு வரணும். கட்டிங் ஆளுங்களுக்கும் அதே சட்டம்தான்."

அடுப்படியில் குழாய் நின்றது. "இத நேத்தே சொல்றதுக்கென்ன?" என்றாள் கலா.

"மாமா நேத்து கேக்கலயே. பெட்டிய மறைச்சுல்ல வச்சிருந்தாரு" என்றார் அவர்.

அன்று மாலை கடைத்தெருவில் துணி தட்டும் பிரஷ் ஒன்று வாங்கினேன். 40 ரூபாய். முடி கொட்டுமோ என்று கடைக்காரர் முன்னாலேயே இழுத்துப் பார்த்தேன்.

14ஆம் தேதி, சனி, காலை 4.20. கட்டிங் ரூம். மை வாசனையும் பசை வாசனையும். கொசு உண்டு, அடுத்த முறை வத்திச் சுருள் வேண்டும். கொண்டுவந்த பட்டையில் பாதி தீரும்வரை நூற்றேன். நூல் அறுந்தால் முனையில் கொஞ்சம் பஞ்சை வைத்துத் திருகினால் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் இதில் தத்துவம் ஒன்றும் கிடையாது. மதுரையில் பால்காரர் மணிச்சத்தம் கேட்டு நிறுத்துவேன்; இங்கே தூரத்தில் கம்பெனி வேன்களின் ஹாரன். ஏழே முக்கால் ஆகியிருந்தது. ஆறு மணி கடந்ததே தெரியவில்லை.

எட்டுக்கு வந்த கட்டிங்காரர், முத்தையா என்று பெயர், வாசலிலேயே நின்றார். "ஐயா, நைட் சிப்டா? எம்புட்டு குடுக்காக?"

"ஒண்ணும் கிடையாது."

"அப்ப நம்ம கம்பெனி ஆளுதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இன்னோர் ஆணியைத் தட்டிப் பார்த்து, "இது உங்களுக்கு" என்றார்.

11.30. சிவகாசி பஸ் நிலையம். கலா வழியனுப்ப வந்தாள். அடுத்த மாதம் சாமான் ஏற்ற எந்த வண்டி, எவ்வளவு கேட்பார்கள் என்று இருவரும் பேசினோம். பஸ் கிளம்பும்போது, "பட்டை எங்க வாங்கணும்னு சொல்லுங்க, அவுக வாங்கி வச்சிருவாக" என்றாள். கையில் துணிப்பையும் மாத்திரை டப்பாவும் மட்டும்தான். மடி காலியாக இருந்ததில் இரண்டு முறை இருக்கைக்கு அடியில் தேடிவிட்டேன். பெட்டி கட்டிங் ரூம் அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது.

செலவு: போகும்போது 209. பிரஷ் 40. திரும்பும்போது பஸ், ரயில், ஒரு டீ, மதுரையில் டவுன் பஸ் எல்லாம் சேர்த்து 81. ஆக மொத்தம் 330 ரூபாய். இதில் பெட்டிக்கு ஆன பத்து ரூபாய் போகும்போது மட்டும்தான்.